தங்கச்சிமடத்துக் குண்டுமல்லியில் ஒரு குளிர்ந்த ஸ்பிரிட்ஸ்: மொட்டு பறிப்பதிலிருந்து கிளாஸில் ஊற்றுவது வரை

ஸ்பிரிட்ஸ் என்றால் கொஞ்சம் மதுவோடு சோடா மாதிரி கேஸ் உள்ளதை நிறைய ஊற்றிக் குடிக்கிற காக்டெய்ல். இந்தப் பானத்துக்கு வேலை முதல் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கே ஆரம்பித்துவிடும். குண்டுமல்லி மொட்டு அந்த நேரத்தில்தான் நன்றாக வெளுத்து, உப்பி, இன்னும் வாய் திறக்காமல் இருக்கும். பறித்து வைத்தால் இருட்டின பிறகு தானாக மலரும், வாசம் வருவதும் அப்போதுதான். அதற்கு முன்னால் மொட்டை மூக்கில் வைத்துப் பார்த்தாலும் பச்சை வாடைதான் அடிக்கும். பூ எந்த நேரத்தில் மணக்கிறதோ அந்த நேரத்தில் அது சர்க்கரைப் பாகுக்குள் கிடக்க வேண்டும். நான் சொல்லப்போவதில் முக்கியமானது இது ஒன்றுதான். ஜின், எலுமிச்சை, சோடா எல்லாம் கடைசி மூன்று நிமிட வேலை.

நான் இருப்பது பாம்பன் தீவில், தங்கச்சிமடம் பக்கம். இங்கே மணல் தரையில் வளர்க்கிற மல்லிகை நாற்றுதான் மதுரை, திண்டுக்கல் என்று போய் வெளிமாநிலங்களுக்கும் போகிறது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கே நாற்று இந்தப் பக்கத்திலிருந்து போவதுதான். எங்கள் கொல்லையிலும் ஆறு செடி நிற்கிறது. பங்குனியிலிருந்து ஆனி வரை தலையில் வைத்து, சாமிக்குப் போட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, அதற்கு மேலும் மிஞ்சும். மிஞ்சின பூவை வைத்துப் பார்க்க ஆரம்பித்ததுதான் இது.

வெளிநாட்டில் இந்த வகைக் காக்டெய்லில் ரொம்பப் பேர் பெற்றது ஹ்யூகோ. இத்தாலியின் வடக்கு ஓரம், தெற்கு தைரோல் மலைப்பகுதியில் நாட்டுர்ன்ஸ் என்ற ஊரில், ரோலண்ட் குரூபர் என்ற பார்டெண்டர் 2005இல் கலந்தது. முதலில் லெமன் பாம் என்ற இலையின் சிரப்பைப் போட்டார், பிறகு அந்த இடத்தை எல்டர் பூ சிரப் பிடித்துக்கொண்டது. அதனுடன் புரொசெக்கோ என்கிற பொங்கும் ஒயின், சோடா, புதினா. எல்டர் மரம் குளிர்ந்த தேசத்துச் சங்கதி, நம் மணலில் வராது. அதன் சிரப்பை ஆன்லைனில் அதிக விலை கொடுத்து வாங்குவதும் எனக்கு ஒப்பவில்லை, கொல்லையில் மல்லிகை உதிர்ந்து கிடக்கும்போது அது எதற்கு? எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சட்டகத்தை மட்டும்: பூப்பாகு, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மது, நிறைய கேஸ். பன்னீர் சோடா குடித்து வளர்ந்த நாக்குக்குப் பூ மணக்கிற சோடா ஒன்றும் அந்நியமில்லை. அதற்கும் முன்னால், புதுப் பானையில் பாதிரிப்பூவைப் போட்டுத் தண்ணீருக்கு வாசம் ஏற்றிக் குடித்தவர்கள் நம் ஆட்கள்.

மதுவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். முத்திரை உடையாத, உரிமம் உள்ள கடைப் பாட்டில் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்று எல்லோரும் பார்த்தோம். குடித்தபின் வண்டி எடுக்கக் கூடாது, படகும் எடுக்கக் கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம், கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். மது தொடாதவர்களுக்கு இதே பானத்தை நுங்கு போட்டுச் செய்யலாம், கீழே சொல்கிறேன். எங்கள் வீட்டில் அதிகம் போவது அதுதான்.

பூ

நாற்பது கிராம் மொட்டு வேண்டும், இரண்டு கை நிறைய வரும். உங்கள் வீட்டுச் செடியில் பறித்ததோ, மருந்து அடிக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த செடியில் பறித்ததோ மட்டும்தான். மல்லிகைக்கு மொட்டுப்புழு பெரிய தொல்லை, விற்பனைக்கு வளர்ப்பவர்கள் மருந்து அடிக்காமல் தப்புவது கஷ்டம். அந்தப் பூ தலையில் வைக்கிற பூ, வாயில் வைப்பதற்காக வளர்த்தது இல்லை. ஒரு முறை அவசரத்துக்குக் கடைப்பூவை வாங்கிப் பாகில் போட்டேன், காலையில் மூடியைத் திறந்ததும் மல்லிகைக்கு அடியில் பூச்சிமருந்து வாடை மெல்லிசாக வந்தது. அரை லிட்டர் பாகையும் கீழே கொட்டினேன். வீட்டுச் செடியானாலும் வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரமாவது விட்டுவிடுங்கள், அந்தக் கசப்பு வாடை சர்க்கரையில் அப்படியே ஏறிக்கொள்ளும்.

குழந்தைகளைப் பறிக்க விட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் மல்லிகை இல்லை. நந்தியாவட்டையும் வெள்ளை, வெள்ளை அரளியும் வெள்ளை. அரளி நஞ்சு, மஞ்சள் அரளியும் நஞ்சு, ஊமத்தையும் அப்படித்தான். ஒரு பூ தவறி விழுந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

பறித்த மொட்டை வெள்ளைத் துணியில் பரப்பி லேசாகத் தட்டுங்கள், எறும்பு, சின்னப் பூச்சி எல்லாம் வெளியே வந்துவிடும். கழுவுவதானால் மொட்டாக இருக்கும்போதே ஒரு அலசு அலசித் துணியில் உலர்த்துங்கள், மலர்ந்த பிறகு தண்ணீர் பட்டால் வாசத்தில் பாதி அதோடு போய்விடும். அப்புறம் காம்பு. வெண்மைக்குக் கீழே முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் பகுதி இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு பூவை மெல்லத் திருகி இழுத்தால் குழல் மட்டும் தனியாக வந்துவிடும். அந்தப் பச்சைதான் கசப்பு. ஆனால் இதை மொட்டில் செய்யக் கூடாது, மலர்ந்த பின்தான் செய்ய வேண்டும். காம்பை இழந்த மொட்டு சரியாக மலர்வதில்லை, வாசமும் குறைகிறது என்பது நான் பார்த்தது. எட்டரை மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். விரல் நுனி பிசுபிசுவென்று ஆகி, ராத்திரி முழுக்க மணக்கும்.

மொட்டை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். மலராது. அறைச் சூட்டில், காற்றோட்டமாக, ஒரு அகலத் தட்டில் கிடக்கட்டும்.

பாகு

சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 200 மில்லி. சர்க்கரை கரைகிற வரை சூடாக்கி இறக்கிவிடுங்கள், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், பிசுக்குப் பதம்கூட வேண்டாம். ஆறின பிறகு அளந்தால் ஏறக்குறைய 320 மில்லி இருக்கும், பன்னிரண்டு கிளாஸுக்கு வரும்.

தண்ணீரைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. கேன் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரைக் காய்ச்சியதோ இருந்தால் நல்லது. சர்க்கரை வெள்ளைச் சர்க்கரையாகவே இருக்கட்டும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி எனக்கு உயிர், ஆனால் இதில் போட்டால் கருப்பட்டி மட்டும்தான் பேசும், மல்லிகை வாயே திறக்காது. பனங்கற்கண்டு கொஞ்சம் சாது. கால் பங்கு அதையும் முக்கால் பங்கு வெள்ளைச் சர்க்கரையையும் சேர்த்தால் அடியில் ஒரு கனமான இனிப்பு வரும், சிலருக்கு அது ரொம்பப் பிடிக்கிறது.

சரி, இப்போது முக்கியமான இடம். பாகு முழுக்க ஆறியிருக்க வேண்டும். உள்ளங்கையைப் பாத்திரத்தின் அடியில் வைத்தால் வெதுவெதுப்புகூடத் தெரியக் கூடாது.

முதல் முறை நான் செய்தபோது பூவைப் பாகோடு சேர்த்துக் கொதிக்கவிட்டேன். நன்னாரி வேரைக் கொதிக்க வைக்கிறோம், இதையும் அப்படிச் செய்தால் என்ன என்ற நினைப்பு. இரண்டே நிமிடத்தில் அடுப்படி முழுக்க மல்லிகை மணத்தது, பாத்திரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. பூ பழுப்பாகிச் சுருண்டு, பாகு தேநீர் நிறத்துக்கு வந்து, வாயில் வைத்தால் வெந்த கீரைத் தண்ணீர். வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பூவைக் கொதிக்கப் போட்டா அது பூவாப்பா, கீரையில்ல?" என்றார். அப்புறம் அவரே சொன்னார், "ராத்திரி மலரும்போது சீனித்தண்ணியில போட்டு மூடி வையி, காலைல பாரு."

அத்தை சொன்னதுதான் சீனாவில் மல்லிகைத் தேயிலை செய்கிற முறையும். ஃபுஜோ நகரத்தில் பகலில் பறித்த மொட்டை, ராத்திரி மலர்கிற நேரத்தில் தேயிலையோடு கலந்து வைத்து, விடிவதற்குள் பூவைச் சலித்து எடுத்துவிடுகிறார்கள். தாவரவியல் பெயரில் அதுவும் நம் குண்டுமல்லியும் ஒரே இனம். மல்லிகை வாசத்தில் பெரும்பங்கு பென்சைல் அசிடேட், லினலூல் மாதிரியான லேசான பொருட்கள், சூடு பட்டால் ஆவியாகிப் பறந்துவிடும். கூடவே இண்டோல் என்று ஒன்று இருக்கிறது. துளி இருந்தால்தான் மல்லிகை மல்லிகையாக இருக்கும், கூடினால் அந்துருண்டை வாடை. பூவை அளவுக்கு மீறி ஊறவிட்டால் வருகிற அந்தக் கனத்த, அழுகின மாதிரியான நெடிக்கு அதற்கும் பங்கு உண்டு.

ஊற வைப்பது

ஒன்பது மணிவாக்கில், மலர்ந்த பூவை ஆறின பாகில் போட்டு, மேலே ஒரு சின்னக் கண்ணாடித் தட்டை வைத்து அமிழ்த்துங்கள். மிதந்தால் மேலே இருக்கிற பூ காற்றுப் பட்டுப் பழுப்பாகும். பாத்திரம் கண்ணாடியோ பீங்கானோ நல்லது, எவர்சில்வரும் பரவாயில்லை, ஊறுகாய் வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா மட்டும் வேண்டாம். மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

படுக்கப் போகும் முன், பதினொன்றரைக்கு, ஒரு முறை திறந்து பாருங்கள். அப்போதே வாசம் மூக்கில் வந்து மோதும். இனி ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடலாம். காலையில் ஐந்தரைக்கு வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். பிழியாதீர்கள், தானாகச் சொட்டுவது போதும். பிழிந்தால் கசப்பு இறங்கும். பூ இன்னும் வெள்ளையாகவே, கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தால் சரியான நேரத்தில் எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், ஓரம் பழுப்பேறியிருந்தால் அடுத்த முறை ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருக்க வேண்டியதுதான்.

பாகை அப்படியே நக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்தத் தித்திப்பில் எதுவும் சரியாகத் தெரியாது. அரை டம்ளர் ஐஸ் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கலந்து குடித்துப் பாருங்கள். குளிர்ச்சி வாசத்தை அமுக்கும், அந்த நிலையிலும் மல்லிகை தெரிந்தால்தான் காக்டெய்லில் தெரியும். போதவில்லை என்றால் அன்றைக்குச் சாயங்காலம் இருபது கிராம் புதுப்பூ பறித்து அதே பாகில் இன்னொரு ராத்திரி. இரண்டு ராத்திரிக்கு மேல் நான் போனதில்லை.

வெந்நீரில் கழுவி உலர்த்தின கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் பத்து நாள் வரும், வாசம் மட்டும் ஐந்தாவது நாளிலிருந்து மெல்ல மங்கும். கடற்கரை வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை: நம் ஃப்ரிட்ஜில் மீன் இல்லாத நாள் கிடையாது. மேல் தட்டில் நகரை, கீழே ஏதாவது ஒரு பொட்டலத்தில் கருவாடு. பாகுக்கு மூடி சரியில்லை என்றால் இரண்டே நாளில் மல்லிகையும் நெத்தலியும் ஒன்றாகிவிடும். ரப்பர் வளையம் உள்ள பாட்டில் வாங்குங்கள். ஐஸ் தட்டும் அப்படித்தான், திறந்து கிடந்த ஐஸ் எல்லா வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

ஐஸ்

இறங்குதளத்தில் மீனுக்கு உடைத்துப் போடுகிற ஐஸ் பார், எவ்வளவு பளபளவென்று இருந்தாலும், குடிக்கிற பண்டத்துக்கு ஆகாது. அது சாப்பிடுவதற்காகச் செய்த ஐஸ் இல்லை. வீட்டிலேயே செய்யுங்கள்.

நல்ல தெளிவான ஐஸுக்கு ஒரு வழி உண்டு, இட்லியை வைக்கிற சின்ன ஹாட்பேக் இருந்தால் போதும். மூடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். பக்கமும் அடியும் சூடு தாங்கும் சுவர் என்பதால் தண்ணீர் மேலிருந்து கீழாக மட்டும் உறையும், காற்றும் உப்பும் அடியில் தள்ளப்பட்டுக்கொண்டே போகும். அடி கால் பாகம் உறையாமல் இருக்கும்போதே கவிழ்த்து எடுத்தால் மேலே உள்ள கட்டி கண்ணாடி மாதிரி இருக்கும். எங்கள் ஃப்ரீசரில் இதற்குப் பதினெட்டு மணி நேரம் ஆகிறது. கட்டியை இரண்டு நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் கத்தியால் கோடு போட்டு, சப்பாத்திக் கட்டையால் ஒரு தட்டு, பாளம் பாளமாக உடையும். பெரிய துண்டு மெதுவாகக் கரையும், பானம் நீர்த்துப் போகாது. இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் உறைய வைத்த பெரிய கட்டி ஒன்று போதும்.

சோடா

வாசனை எதுவும் சேர்க்காத சோடா. கோலி சோடா கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம், நன்றாகவே குத்தும். எதுவானாலும் குறைந்தது ஆறு மணி நேரம் ஃப்ரிட்ஜில் கிடந்திருக்க வேண்டும், இதில் அவசரப்படக் கூடாது. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும், 20 டிகிரியில் அதில் ஏறக்குறைய பாதி, 30 டிகிரியில் 0.7 லிட்டர்கூட இல்லை. வைகாசி மதியத்தில் கடையிலிருந்து கையில் வாங்கி வந்த சோடாவை அப்படியே ஊற்றினால் கேஸ் எல்லாம் ஊற்றும்போதே ஓடிவிடுவது அதனால்தான். சீக்கிரம் ஆகட்டும் என்று ஃப்ரீசரில் வைத்து மறந்துவிடாதீர்கள், கண்ணாடிப் பாட்டில் வெடிக்கும்.

சோடாவுக்குப் பதிலாகப் பொங்கும் ஒயின் ஊற்றினால் ஹ்யூகோவுக்கு இன்னும் நெருங்கிப் போகலாம். நாசிக் பக்கத்தில் செய்கிறவை நன்றாகவே இருக்கின்றன, இனிப்புக் குறைந்த புரூட் வகையைப் பாருங்கள். அப்போது ஜின் வேண்டாம், ஒயின் 90 மில்லி, சோடா 30 மில்லி, எலுமிச்சை பாதியாகக் குறையும். ஆனால் ராமநாதபுரம் கரையோரத்தில் அந்தப் பாட்டில் எல்லா நாளும் கிடைக்கிற பொருள் இல்லை, அதனால் நான் ஜின்னையே வைத்துச் சொல்கிறேன். ஜின் இல்லையென்றால் வோட்கா. ரம்மும் பிராந்தியும் இதில் சேராது, மரப்பீப்பாய் மணம் பூவை மூடிவிடும்.

கலப்பது

ஒரு கிளாஸுக்கு: ஜின் 30 மில்லி, மல்லிகைப் பாகு 25 மில்லி, எலுமிச்சைச் சாறு 15 மில்லி, சோடா 120 மில்லி, உப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு. அளக்கத் தனிக் கருவி தேவையில்லை, இருமல் மருந்து பாட்டிலின் கோடு போட்ட மூடியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜின்னை 60 மில்லியாக்கத் தோன்றும். வேண்டாம். நம் ஊரில் கிடைக்கும் ஜின்னில் பெரும்பாலும் 42.8 சதவீதம் மது இருக்கும். ஸ்மால் அளவு, அதாவது 30 மில்லி, ஊற்றினால் ஐஸ் கொஞ்சம் கரைந்த பிறகு மொத்தக் கிளாஸும் 6 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும், பியர் கணக்குதான். லார்ஜ் ஊற்றினீர்கள் என்றால் அந்தச் சாராய எரிச்சலுக்கு முன்னால் மல்லிகை நிற்காது, இரண்டு நாள் வேலை வீணாகிப் போகும்.

உப்பு எதற்கு என்று கேட்கலாம். நாலு ஸ்பூன் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பைக் கரைத்து வைத்துக்கொண்டு அதில் இரண்டே சொட்டு. உப்புக் கரிக்காது. கசப்பு பின்வாங்கி, பூ முன்னால் வரும். வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் இருந்து வருகிற கல்லுப்பையே நான் போடுகிறேன், அயோடின் சேர்த்த பொடியுப்பு போட்டாலும் கெடுதல் இல்லை.

எலுமிச்சை அப்போதைக்கு அப்போது பிழிந்ததாக இருக்கட்டும். கோடையில் பழம் காய்ந்து, தோல் தடித்துக் கிடக்கும், உருட்டிவிட்டுப் பிழிந்தாலும் ஒரு பழத்தில் 15 மில்லி தேறாது, ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள்.

கிளாஸ் உயரமாக, மெல்லிசாக இருந்தால் கேஸ் நிற்கும். சுத்தமாக இருக்க வேண்டும், எண்ணெய்க் கை பட்டிருந்தால் குமிழி சரியாக நிற்காது. கால் மணி நேரம் ஃப்ரீசரில் இருக்கட்டும்.

ஒரு சொம்பிலோ அகல டம்ளரிலோ ஜின், பாகு, எலுமிச்சை, உப்புத் தண்ணீர் நாலையும் சின்ன ஐஸ் துண்டுகளோடு போட்டு நீள ஸ்பூனால் பதினைந்து விநாடி சுற்றுங்கள். சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்க ஆரம்பித்தால் போதும். குளிர்ந்த கிளாஸில் பெரிய ஐஸ் ஒன்றை வைத்து, அதன் மேல் வடிகட்டி ஊற்றுங்கள். இப்போது சோடா பாட்டிலைத் திறங்கள், இதற்கு முன்னால் திறக்கக் கூடாது. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, உள்சுவர் வழியாக, மெதுவாக. பாதி ஊற்றும்போதே அடியிலிருந்து ஊசி ஊசியாகக் குமிழி கிளம்பி ஐஸைச் சுற்றிக்கொண்டு மேலே வரும், வந்து உடைகிற ஒவ்வொன்றும் கொஞ்சம் வாசத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது, முகத்தைக் கிட்டே வைத்தால் மூக்கு நுனியில் ஈரச் சாரல் படும், அதில்தான் மல்லிகை இருக்கிறது. ஊற்றி முடித்ததும் ஸ்பூனை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்குங்கள். கலக்காதீர்கள், குலுக்காதீர்கள்.

மேலே காம்பு நீக்கின ஒரு பூ. ஸ்ட்ரா கொடுக்காதீர்கள், மூக்கு கிளாஸுக்கு மேல் வராமல் போய்விடும், வாயில் வெறும் எலுமிச்சைச் சோடாதான் மிஞ்சும்.

சரியாக வரவில்லை என்றால்

வாசம் மங்கல் என்றால் பாகைக் கூட்டாதீர்கள், தித்திப்புதான் கூடும். பூ போதவில்லை, அடுத்த ராத்திரி புதுப்பூ போடுங்கள். கசந்தால் பச்சைக் காம்பு உள்ளே போயிருக்கிறது, அல்லது பிழிந்திருக்கிறீர்கள். சோப்பு மாதிரித் தெரிந்தால் பூ அதிகம், இன்னொரு பங்கு வெறும் சர்க்கரைப் பாகு சேர்த்து நீர்க்கச் செய்தால் சரியாகிவிடும். ஐந்து நிமிடத்தில் கேஸ் அடங்கிவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு சோடா சரியாகக் குளிரவில்லை.

மது இல்லாமல், நுங்கோடு

சித்திரை, வைகாசியில் நுங்கும் மல்லிகையும் ஒரே நேரத்தில் வருவது நமக்குக் கிடைத்த பாக்கியம். இளசான நுங்கு நாலு எடுத்து, தோலை உரித்து, உள்ளே இருக்கும் தண்ணீர் சிந்தாமல் கிண்ணத்தின் மேலேயே வைத்துக் கீறுங்கள். தண்ணீரை அப்படியே கிளாஸுக்கு, சதையைச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கிளாஸின் அடியில். பாகு 30 மில்லி, எலுமிச்சை 20 மில்லி, உப்பு இரண்டு சொட்டு, சோடா 150 மில்லி. ஜின் இல்லாத குறையை அந்தக் கூடுதல் எலுமிச்சையும், கொஞ்சம் தட்டிப் போட்ட இஞ்சியும் ஈடு செய்கின்றன. நோன்புக் காலத்தில் கீழக்கரையிலிருந்து வந்த நண்பர் குடும்பத்துக்கு இப்தாருக்கு இதைத்தான் கொடுத்தேன், கஞ்சிக்கு முன்னால் ஜாடி காலி.

நுங்கு போடலாம் என்றால் பதநீர் ஊற்றினால் என்ன என்று கேட்பார்கள். முயன்று பார்த்துவிட்டேன், சரிப்படவில்லை. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள், அந்தச் சுண்ணாம்பு எலுமிச்சையின் புளிப்பைத் தின்றுவிடுகிறது. பதநீரைப் பதநீராகக் குடிப்பதே அழகு. பனையின் சொந்தப் பொங்கும் பானமான கள்ளுக்கு இங்கே 1987 முதல் தடை, அதனால் அந்தப் பேச்சே இல்லை.

வேறு பூக்கள்

பன்னீர் ரோஜா இதழுக்கு இந்த ராத்திரிக் கணக்கு கிடையாது, விடியற்காலையில் பறித்து, வெதுவெதுப்பான பாகில் நாலு மணி நேரம். தாழம்பூ நம் கரையோர ஓடைகளில் இருக்கிறது, அதன் மணம் முரடு, ஒரு மடலில் விரல் நீளத் துண்டு போதும், அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். சங்குப்பூவில் வாசமே கிடையாது, நிறத்துக்கு மட்டும்: நாலு பூவை ஒரு ஸ்பூன் வெந்நீரில் ஊறவைத்து ஊற்றினால் நீலம், எலுமிச்சை பட்டதும் ஊதா. பிள்ளைகளுக்கு நுங்குக் கிளாஸில் இதைச் செய்து காட்டுங்கள். செண்பகம் எனக்குத் தலைவலி தருகிறது, அதனால் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நிறையப் பேர் வந்தால்

ஒவ்வொரு கிளாஸாகக் கலந்துகொண்டிருக்க முடியாது. 180 மில்லி ஜின், 150 மில்லி பாகு, 90 மில்லி எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் பன்னிரண்டு சொட்டு, இதை ஒரு பாட்டிலில் கலந்து மத்தியானமே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆறு கிளாஸுக்கு ஆகும், ஆளுக்கு 70 மில்லி. ஐஸோடு சுற்றுகிற வேலை இதில் இல்லாததால் சோடாவை 130 மில்லியாக்கிக்கொள்ளுங்கள். எலுமிச்சை சேர்த்த கலவை மறுநாளைக்கு நிற்காது, அன்றைக்கே முடிக்க வேண்டும். மது வேண்டாதவர்களுக்கு ஜின் இல்லாத பாட்டில் ஒன்றைத் தனியாக, துணி கட்டி அடையாளம் வைத்து. சோடாவைப் பெரிய பாட்டிலாக ஒன்றே வாங்காமல் 300 மில்லிச் சின்னப் பாட்டில்களாக வாங்கி, இரண்டு கிளாஸுக்கு ஒன்று என்று திறந்துகொண்டே போங்கள். கச்சான் காற்று வேகமாக அடிக்கிற சாயங்காலமானால் மொட்டை மாடியில் வைத்துக் கொடுக்காதீர்கள், வாசத்தைக் காற்று கொண்டுபோய்விடும். திண்ணையில் உட்காருங்கள்.